பதினேழாவது படம்

அடிப்பதற்குக்கூட ஆள் இல்லாமல் செய்துவிட்டுப் போன என் அன்புச் சவரிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் "எனக்கென்னடா, ஜம்முன்னு இருக்கேன்" என்பாய். நீ என்னிடம் சொன்ன பொய்களில் அதுதான் பெரிய பொய். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. மற்றவர்கள் எல்லாம் அழுது முடித்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அழுகை வரமாட்டேன் என்கிறது, கோபம்தான் வருகிறது. செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் மிளகாய் மூட்டை இறக்கும் லாரிக்குப் பின்னால் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கும்போது வருகிறது. தும்மிக்கொண்டே நம் கடைப் படியேறும்போது வருகிறது. உன் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தாலும் வருகிறது, உட்காராவிட்டாலும் வருகிறது.

துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர், "படுக்கையில கெடக்காம போயிட்டாரு, கொடுத்து வெச்ச மனுசன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாற்பத்திரண்டு வயதில் நீ என்னத்தைக் கொடுத்து வைத்தாய்? நானும் மாடு மாதிரி தலையாட்டினேன். ஒருவன் சட்டையையாவது பிடித்திருக்க வேண்டும்.

தொழில் சமாச்சாரத்தை முதலில் சொல்கிறேன், உனக்கு அதுதானே முக்கியம். ஆனால் இந்தக் கடிதத்தை அச்சில் உன்னோடு சேர்ந்து படிக்கப்போகிறவர்களுக்கு நம் தொழில் தெரியாது. கல்யாண மண்டபங்களிலும் கடைத் திறப்புகளிலும் புரொஜெக்டர் வைத்து, சுவரிலும் தரையிலும் வெளிச்சத்தால் பூவும் மீனும் ஓடவிடுகிறவர்கள் நாம். ஆள் நடந்தால் காலடியில் பூ விரிய வேண்டும். கையை நீட்டினால் பறவை வந்து உட்கார வேண்டும். ஆள் எங்கே, எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று பார்ப்பது டெப்த் கேமரா. வெளிச்சத்தைப் போடுவது புரொஜெக்டர். ஒன்று பார்ப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டுக்கும் புதிதாக அறிமுகம் செய்துவைக்க வேண்டும், சம்பந்தம் பேசுவது போல. அதற்குப் பெயர்தான் கேலிபரேஷன்.

புரொஜெக்டர் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை வீசும். ஒருவர் வெள்ளைப் பலகையில் அதை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொருவர் லேப்டாப்பில் பொத்தானைத் தட்ட வேண்டும். கேமரா கட்டங்களின் மூலைகளைக் கண்டுபிடித்து, திரையில் ஒவ்வொரு மூலையிலும் ஒரு கலர்ப் புள்ளி வைக்கும். இப்படி இருபத்து நான்கு இடத்தில் செய்தால் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். பலகை பிடிப்பவன் நீ, பொத்தான் தட்டுபவன் நான். ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட இடம் மாறியதில்லை. எப்படிப் பிடிக்கிறாய், ஏன் அப்படிப் பிடிக்கிறாய் என்று ஒரு தாளில் எழுதி வை என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்? "எல்லாம் மண்டையில இருக்குடா" என்றாய். மண்டையோடு கொண்டுபோய்விட்டாய்.

நீ இல்லாமல் நான் செய்த முதல் நிகழ்ச்சி திருச்செங்கோட்டில், ஒரு கல்யாண வரவேற்பு. பலகை பிடிக்க ஆளைத் தேடவும் எனக்கு மனசு வரவில்லை. ஸ்பீக்கர் ஸ்டாண்டில் பலகையைக் கட்டி, சுவரை ஒட்டியே இடமும் வலமுமாக இழுத்து இழுத்து வைத்து, இருபத்து நான்கையும் நானே முடித்தேன். கணக்கில் பிழை அரைப் புள்ளிக்கும் கீழே என்று திரை காட்டியது. நாம் சேர்ந்து செய்தபோதுகூட அவ்வளவு குறைவாக வந்ததில்லை. பார்த்தாயா, நீ இல்லாமலும் முடியும் என்று உன்னிடம் வீம்பாகச் சொல்லிக்கொண்டேன்.

பெண் மேடையேறி நடந்து வந்தாள். பூ அவளுக்கு இரண்டு முழம் தள்ளி விரிந்தது. அவள் நின்றால் அங்கே விரிகிறது, நகர்ந்தால் இன்னும் தள்ளி விரிகிறது. பெண்ணின் பெரியப்பா என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏனுங்க, பூவு அந்தப் பக்கம் விரியுது, புள்ள இந்தப் பக்கமா நடக்குது. இப்பப் புள்ளைய நகத்தோணுங்களா, பூவ நகத்தோணுங்களா?"

"ஒரே நிமிசமுங்க. சரி பண்ணீர்றனுங்க."

"நீங்க சொல்லி அரை மணி நேரம் ஆச்சுங்க. பொறவு எதுக்குங்க இத்தன வயரு?"

கடைசியில் கேமராவைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சும்மா மீன் நீந்துகிற படத்தை ஓட்டி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். காப்பாற்றினேன் என்று நான் சொல்கிறேன், அவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். அன்றைக்கு உன்னை நான் திட்டிய திட்டு எதையும் இங்கே எழுத முடியாது, உன் மனைவி மேரி படிப்பாள்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். ஒவ்வொரு தடவை பொத்தானைத் தட்டும்போதும் அது ஒரு படத்தை எடுத்து உள்ளே போட்டுக்கொள்ளும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏழு வருடத்தில் ஒன்றையும் நாம் திறந்து பார்த்ததில்லை. நீ பலகையை எப்படிப் பிடித்தாய் என்று பார்க்க வேறு வழியில்லாமல் திறந்தேன். கடைசியாகச் செய்ததை எடுத்தேன், நாமக்கல் ஜவுளிக்கடைத் திறப்பு.

முதல் படத்தில் கேமராவின் மூக்குக்கு நேராக நிற்கிறாய். இரண்டாவதில் தூரத்தில் சுவரோரம். மூன்றாவதில் பலகையைப் பின்பக்கம் சாய்த்திருக்கிறாய், நான்காவதில் தலைக்கு மேல். பார்த்த உடனே என் புத்திக்கு உறைத்தது. நான் இருபத்து நான்கு தடவையும் ஒரே தூரத்தில், ஒரே தட்டையாகக் காட்டியிருக்கிறேன். அந்தச் சுவருக்கு மட்டும் கணக்கு சரியாக வந்திருக்கிறது, சுவரை விட்டு ஒரு ஆள் முன்னே வந்ததும் எல்லாம் தப்பிப் போய்விட்டது. கிட்டவும் எட்டவும் மேலும் கீழும் சாய்த்தும் காட்ட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லியிருந்தால் உன் கிரீடம் இறங்கியிருக்குமா?

இப்படித் திட்டிக்கொண்டேதான் ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். எட்டு வரை பலகையைத்தான் பார்த்தேன். ஒன்பதாவதில்தான் உன்னைப் பார்த்தேன்.

ஒன்பதாவதில் பலகையின் கீழ் விளிம்பைத் தொடையில் முட்டுக் கொடுத்து, ஒரே கையால் பிடித்திருக்கிறாய். இன்னொரு கை நெஞ்சில் இருக்கிறது. பதின்மூன்றாவதில், ஏசி ஓடுகிற கடையில் உன் சட்டை முழுக்க நனைந்திருக்கிறது. பதினேழாவதில் துணி அலமாரியில் சாய்ந்து, கண்ணை மூடி, வாயைத் திறந்து நிற்கிறாய். பலகை மட்டும் கொஞ்சம்கூட ஆடாமல் நேராக இருக்கிறது. மூலைகள் அத்தனையிலும் கலர்ப் புள்ளி விழுந்திருக்கிறது. படத்துக்குக் கீழே நேரம் இருக்கிறது, காலை பதினொன்று நாற்பத்திரண்டு.

அந்த நிமிஷம் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. "மூலை கெடச்சிருச்சு மாப்ள, அடுத்தது. கீழ உக்காந்து புடி." பதினெட்டாவது படத்தில் நீ மண்டியிட்டிருக்கிறாய். அதற்குப் பிறகும் ஆறு படம் இருக்கிறது. ஏன்டா உட்கார்ந்தாய்? "போடா மயிரே" என்று பலகையைத் தூக்கி என் தலையில் வீசியிருக்க வேண்டாமா? பத்தடி தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். புள்ளி வந்ததா என்று பார்த்தேனே தவிர, புள்ளிக்குப் பின்னால் நிற்கிறவனைப் பார்க்கவில்லை.

முடித்துவிட்டு வந்து ஒரு சோடா குடித்தாய். "கேஸ்டா, காலையில போண்டா தின்னேன்ல" என்றாய். நானும் சரி என்றேன். ரோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. நீ தாண்டவில்லை, நான் உன்னை இழுத்துக்கொண்டு போகவும் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்பச் சட்டை மாட்டும்போது விழுந்தாய்.

இதோடு முடிந்திருந்தால் என்னையும் உன்னையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன். படங்களைப் பார்த்த மூன்றாம் நாள் மேரி கடைக்கு வந்தாள். உன் டிபன் பாக்ஸையும் கொக்கியில் தொங்கிய சட்டையையும் எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தாள். எடுத்துப் பையில் வைத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நாமக்கல்ல அவரு நல்லாத்தான இருந்தாரு?"

லேப்டாப் என் கைக்குக் கீழே மூடியிருந்தது.

"நல்லாத்தாம்மா இருந்தான்."

"அப்ப நான் போட்ட கறிதாண்ணே. மேச்சேரி ஆட்டுக்கறின்னு அவருதான் எப்பவும் ஆசைப்படுவாரு, அதான் எடுத்தேன். அன்னிக்கு வேணாம் வேணாம்னாரு. நான்தான் இன்னும் ஒரு கரண்டின்னு ஊத்துனேன். நெஞ்சு கரிக்குதுன்னு சொன்னதுக்கு, வெளிய கண்டதையும் திங்காதீங்கன்னு சத்தம் வேற போட்டேன்."

"அப்படியெல்லாம் நெனைக்காதம்மா."

"கோயில்ல பங்குச் சாமியார்கிட்டயும் சொல்லிட்டேன். அதெல்லாம் பாவம் இல்லம்மான்னாரு. எப்படிண்ணே இல்லாம போகும்? என் கையாலதான போட்டேன்."

நீ போனதிலிருந்து உன் வீட்டில் கறி எடுப்பதில்லை, தெரியுமா? அவள் சாப்பிடுகிற சோற்றை ஒரு பூனை சாப்பிட்டாலும் வயிறு நிறையாது. எனக்குக் கேஸ் என்றாய், அவளுக்கு நெஞ்சு கரிப்பு என்றாய். ஆளுக்குப் பாதிப் பொய்யாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய். எது வலிக்கிறது என்று ஒரே ஒரு ஆளிடம் முழுசாகச் சொல்லியிருந்தால், இந்தப் பெண் இன்றைக்கு ஒரு கரண்டிக் குழம்பைச் சுமந்துகொண்டு திரிவாளா?

ஆனால் அன்றைக்கு அவள் முன்னால் பொய் சொன்னது நீ இல்லை, நான். உனக்கு வலி வந்தது காலை பதினொன்று நாற்பதுக்கு முன்னால். அவள் கறி போட்டது ராத்திரி எட்டு மணிக்கு. இது எனக்குத் தெரியும், நேரம் போட்ட சாட்சி என் கைக்கடியில் இருந்தது. திறந்திருந்தால் அவள் பாரம் அந்த நிமிஷமே இறங்கியிருக்கும். ஏன் திறக்கவில்லை? "நீங்க எதுக்கத்தான உக்காந்திருந்தீங்க, பாக்கலையா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து, ஒரு பெண்ணைக் குற்றவாளியாகவே படியிறக்கி அனுப்பினேன். ஆட்டோ வரை போய் ஏற்றியும் விட்டேன், நல்ல மனிதனைப் போல.

போன வாரம் ராசிபுரத்தில் அடுத்த நிகழ்ச்சி. மண்டபத்து வாட்ச்மேன் பெரியவரைப் பலகை பிடிக்கச் சொன்னேன். கிட்ட, எட்ட, சாய்த்து, உட்கார்ந்து என்று எல்லாம் நீ பிடித்த வரிசைப்படியே. ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்து, "முடியுதுங்களா? உக்காந்துக்கறீங்களா?" என்று கேட்டேன். ஆறாவது தடவை அவருக்குப் பொறுக்கவில்லை.

"பலக புடிக்கறதுக்கு இத்தன வெசாரணைங்களா சாமி? நான் நல்லாத்தான் இருக்கறன். நீங்க அமுத்துங்க."

அன்று சாயந்தரம் பூ சரியாகப் பெண்ணின் காலடியிலேயே விரிந்தது. மண்டபமே கைதட்டியது. எனக்கு உன் முகத்தை ஒரே ஒரு தடவை இப்படிப் பார்த்திருந்தால் போதும் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கடிதம் அச்சுக்குப் போவதற்கு முன்னால், பூசை முடிந்து மேரி வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்போடு போய் உட்காரப்போகிறேன். முதலில் நேரத்தைக் காட்டுவேன், பிறகு படத்தைக் காட்டுவேன். உன் கறி இல்லம்மா என்று சொல்வேன். அவள் கேட்கப்போகிற கேள்விக்கு, அடுத்தது அடுத்தது என்று சொன்னது நான்தான், அன்றைக்கு மூன்று நாளாகத் தெரிந்திருந்தும் அவளிடம் மறைத்ததும் நான்தான் என்று அவள் கண்ணைப் பார்த்தே சொல்வேன். சவரி மறைத்துவிட்டான் என்று உன் பின்னால் போய் ஒளிந்துகொள்ள மாட்டேன். உன்னைத் திட்டுவதெல்லாம் நமக்குள், இந்தக் கடிதத்தோடு சரி. மன்னித்துவிடு என்று அவளிடம் கேட்கவும் மாட்டேன். அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் அவள் இஷ்டம். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மேரி நாளைக்குப் பிறகும் என்னை அண்ணன் என்று கூப்பிட்டால் உன் மச்சான்,
கூப்பிடாவிட்டால் வெறும்
குமரேசன்