தேத்தண்ணிக்கு ஆகாத தண்ணீர்

ஏப்ரல் 7, திங்கள்

வெயில். மழை என்ற பேச்சே இல்லை. காலையில் வடிகட்டி கழுவியது. பம்பில் ஒழுக்கு, வாஷர் மாற்றியாயிற்று. சட்டை துவைக்கவில்லை.

குழாயில் தண்ணீர் என்றைக்காவது வரும் ஊர். நான் கடல் தண்ணீரில் உப்பு நீக்கிக் குடிக்கக் கொடுக்கும் மெஷினோடு படகு ஜெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கன்டெய்னர், கூரையில் சோலார் பலகை. அவ்வளவுதான் பிளான்ட்.

இந்தத் தீவில், பாம்பூஃப்ளாட்டில் இது சோதனை ஓட்டம். சனங்களுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த மெஷின் வடக்கே ரங்கத் ஊரில், அதைப் பார்த்துக்கொள்ள நான். பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்டி மெயின்லேண்ட் கப்பலில் ஏற்றிவிடுவார்கள், என்னையும் சேர்த்து.

ரங்கத்தில் ஸ்டெல்லா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், விட்டுவிட்டு வரக்கூடிய வேலை இல்லை. கல்யாணமாகி ஒன்றரை வருடம், சேர்ந்து இருந்ததெல்லாம் லீவு நாட்கள்தான். பஸ்ஸில் ஏறினால் ஒரு பகல் போய்விடும். போனிலாவது ஒழுங்காகச் சண்டை போடலாம் என்றால் பாதியில் நெட்வொர்க் போய்விடுகிறது. யார் ஜெயித்தோம் என்றே தெரிவதில்லை.

தவக்காலம் முடியும்வரை டீ இல்லை. ரங்கத் கிடைக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்ட ஒறுத்தல். சாயங்காலமானால் தலைவலி.

ஏப்ரல் 9, புதன்

புழுக்கம். குடங்கள் நிறைய வந்தன, சந்தோஷப்பட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

ஜெட்டி டீக்கடைப் புஷ்பம் அக்கா. அவரைப் பெற்றவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியவர்கள். அக்கா வாக்கப்பட்டது பாம்பூஃப்ளாட்டில். இன்று பார்த்தால் நம் தண்ணீர் கிளாஸ் அலசும் பக்கெட்டில் இருக்கிறது. கெட்டிலில் டேங்கர் தண்ணீர்.

"என்னக்கா, நம்ம தண்ணி டீக்கு ஆகாதா?"

"ஆகாது தம்பி. தேத்தண்ணி செத்துப்போகுது. சாயமே தெளிவா வரல. மேல ஆடை மாதிரி என்னமோ மெதக்குது."

பெஞ்சில் இருந்த படகுக்கார பிமல்தாவும் சேர்ந்துகொண்டார். "சாய் மே மஸா நஹி, பாய்." டீயில் ருசி இல்லையாம்.

லேப் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். அக்கா அதை விட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அக்கா குடிக்காத தண்ணீரை இந்த ஜெட்டியில் ஒருவரும் குடிக்கமாட்டார்கள். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் என்றாலே மாமா இன்னும் "உரக் கம்பெனியா?" என்றுதான் கேட்கிறார். இனிமேல் உலகத்துக்குத் தண்ணீரும், சுத்தமான காற்றும், குப்பைக்கு ஒரு வழியும் நம் படிப்புதான் கொடுக்கப்போகிறது என்று வகுப்பில் சொன்னபோது புல்லரித்தது. டீக்கடையில் தோற்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

சென்னைக் கம்பெனியிலிருந்து சார் போன். "குடிக்கவே மாட்டாங்கன்னா எதுக்குப்பா ஓட்டணும்? அடுத்த வாரம் முடிவு பண்ணிடுவோம்."

வாங்க: சோப்பு, வாஷர், கொசுவத்தி. ரீசார்ஜ்!

கடைசிப் படகு போனபிறகு ஜெட்டியில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா தலை துவட்டும்போது ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்பாள். அதை நினைத்துக்கொண்டேன். அவளைப் பார்க்கவேண்டும். வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. பு. அக்கா வீட்டிலிருந்து பாயசம் வந்தது. தண்ணீரைத் திட்டினாலும் ஆளைத் திட்டவில்லை.

மத்தியானம் அதிசயமாக நெட்வொர்க். ஸ்டெல்லாவிடம் கொட்டித் தீர்த்தேன். சமாதானம் சொல்வாள் என்று பார்த்தால் விசாரணை.

"உப்பை எடுத்த தண்ணியில வேற என்ன சேக்குதீங்க?"

சொன்னேன். எல்லாச் சத்தும் போய் வெறுமையாக வரும் தண்ணீரைச் சுண்ணாம்புக்கல் சல்லி நிரப்பிய உருளை வழியாக விடுவோம். அதில் கொஞ்சம் கரைந்து வரும். எவ்வளவு தண்ணீர் அந்த வழியே போகவேண்டும் என்பதற்கு ஒரு வால்வு. விதியில் சொன்ன அளவுக்குள், எவ்வளவு திறப்பது என்பது நம் இஷ்டம்.

"யாரு திறந்தா?"

"நான்தான். நாக்குல வச்சுப் பாத்து."

"டீ போட்டுப் பாத்தீங்களா?"

"தவக்காலம்ல."

லைன் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு சிரிப்பு. வார்டில் யாரோ என்னவென்று கேட்கும் அளவுக்குச் சிரிப்பு.

"தூத்துக்குடி கெணத்தை அங்க செஞ்சு வச்சிருக்கீங்க! அந்த அக்கா ஆளுங்க தேயிலை மலைத்தண்ணிக்காரங்க. அதுல எப்படித் தேத்தண்ணி வரும்?"

அப்போதுதான் லைன் போனது.

வால்வைப் போய்ப் பார்த்தேன். முக்கால் திறப்பு. தண்ணீர் ருசியாக இருக்கிறது என்று நான் திறந்துகொண்டே போயிருக்கிறேன். ருசி என்றால் எங்கள் தூத்துக்குடி வீட்டுக் கிணற்று ருசி. சுண்ணாம்பு கூடிய அந்தக் கடினத் தண்ணீரில் டீத்தூள் போட்டால் கலங்கும், ஆடை படியும். முதல் வருடப் பாடம். வீட்டு நினைப்பில் வால்வைத் திருப்பியிருக்கிறேன், முட்டாள். ரங்கத் வேண்டும் என்று டீயை விட்டேன். டீயை விட்டதாலேயே ரங்கத் கைவிட்டுப் போகப் பார்த்தது.

ஏப்ரல் 16, புதன்

நேற்று வால்வைக் குறைத்து, தொட்டியைக் காலிசெய்து மறுபடி நிரப்பியது. சோதித்துப் பார்த்ததில் எல்லாம் விதிக்குள்தான். இன்று ஒரு கேன் எடுத்துக்கொண்டு அக்கா கடைக்கு.

"மொதல்ல நீங்க குடிங்க. பொறவு நாங்க குடிக்கிறோம்."

நேர்ச்சையைச் சொன்னேன். அக்கா விடவில்லை. பிமல்தா வேறு, "அரே, பீலோ பாய்", குடியேன் என்று தோளைத் தட்டுகிறார். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன்.

"குடிங்க. சாமிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

பால் ஊற்றாத தேத்தண்ணி. செக்கச் செவேல் என்று, கிளாஸின் அடி தெரிந்தது. ஆடை இல்லை. இத்தனை வாரம் கழித்துக் குடித்ததில் கண்ணே கலங்கிவிட்டது.

அக்கா ஒரு வாய் குடித்தார். கெட்டிலில் இருந்த டேங்கர் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு நம் கேனைக் கவிழ்த்தார்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

கேன், குடம், பெயின்ட் டப்பா என்று வரிசை. பிளான்ட் பகல் முழுக்க ஓடியது.

சார்: "ரங்கத் உனக்குத்தான்னு வச்சுக்கோ. சனிக்கிழமை வார்டு மீட்டிங் சும்மா ஃபார்மாலிட்டி."

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் கத்தியதில் காது அடைத்துவிட்டது. ஈஸ்டருக்கு லீவு சொல்லிவிட்டு வருகிறாளாம்.

கோயிலில் பாதம் கழுவும் சடங்கு. மனசு அங்கே இல்லை. கட்டில் பெரியதாக வேண்டும். மிக்ஸி. கொசுவலை. அவள் நைட் டூட்டி முடிந்து வரும்போது நான் சோறு வைத்திருக்கவேண்டும். கதவைத் திறந்தால் அவள் செருப்பு கிடக்கவேண்டும்.

ஏப்ரல் 19, சனி

விடியும்போது அவளிடமிருந்து செய்தி: பஸ் ஏறியாயிற்று. என் சாமான்களைக் கட்ட இரண்டு சாக்கும் கயிறும் எடுத்து வருகிறாள். அதற்குப் பிறகு தொடர்பு இல்லை. காட்டுக்குள் போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசை கட்டி வரும் அந்தப் பாதையில் யாருக்கும் சிக்னல் கிடைக்காது.

மீட்டிங். வார்டு மெம்பர், நாற்பது ஐம்பது பேர், சார் ஸ்பீக்கர் போனில். மெஷின் வேண்டும் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். எழுந்து நன்றி சொல்லப் போனேன். எனக்கு முன்னால் பு. அக்கா எழுந்துவிட்டார்.

"மெஷின் மட்டும் போதாதுங்க. சொன்னதக் கேட்டு, குடிச்சுப் பாத்து மாத்திக் குடுக்க ஆள் வேணும். இந்தத் தம்பி இங்கயே இருக்கணும். அப்பன்னா சம்மதம், இல்லாட்டி வேணாம்."

ஒரே கைத்தட்டல். பிமல்தா விசில்.

போனில் சார் குரலில் அத்தனை சந்தோஷம். "கண்டிப்பா! ஒரு வருஷம் அவர் அங்கேதான். ரங்கத்துக்கு வேற ஆளைப் போட்டுடறோம்."

ஸ்டெல்லா ரங்கத்தில் இருப்பதை நான் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. சொந்தக் காரியத்துக்காகத் தண்ணீர் விற்க வந்தவன் என்று நினைத்துவிடுவார்கள் என்ற வீம்பு. இப்போது எப்படிச் சொல்வது? எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். அக்கா என் கையில் கிளாஸைத் திணித்தார். "ஒங்கள விட்டுருவமா தம்பி?"

குடித்தேன். நன்றாக இருந்தது. அழுகை வந்தது. ஈஸ்டருக்கு முன்னமே குடிக்கிறேனே என்று அழுவதாக அக்கா நினைத்துக்கொண்டார்.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை. பிறகு அவளே ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள், எதிர்க்கரையில் சாத்தம் ஜெட்டியில் படகுக்கு நிற்கிறாளாம். நான் திரும்பக் கூப்பிடவில்லை. போனில் சொல்லத் தைரியம் இல்லை.

ஜெட்டியில் இருக்கிறேன். வெயில் இறங்கவில்லை. படகு வருகிறது. முன்பக்கம், கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள். கக்கத்தில் சாக்குச் சுருட்டு. என்னைப் பார்த்துவிட்டாள். சாக்கை விரித்து, கொடி மாதிரி ஆட்டுகிறாள்.