ஒரு வாட், ஒரு மீட்டர்

ஐப்பசி 4, செவ்வாய்

காலை முழுதும் மூடுபனி. சூரியநெல்லிச் சரிவில் தேயிலை தெரியவில்லை. கொழுந்து பறிப்பவர்களின் பேச்சு மட்டும் மேலேறி வந்தது. வாய்பேசா நோன்பின் பன்னிரண்டாம் நாள். தேனி மருத்துவர் விதித்தது இருபத்தொரு நாள். குரல்நாணில் இரு முடிச்சுகள். "இனி கத்துனீங்கன்னா குரலை மறந்துருங்க. கிசுகிசுக்கவும் கூடாது, அதுவும் கேடுதான்." முப்பது ஆண்டு மேடைப் பேச்சு. இன்று கையில் சிலேட்டு.

புதிய ஒலிபெருக்கிகள் ஜீப்பில் வந்து இறங்கின. முழங்கை உயரம். கருமை. பின்புறத்தில் '300 வாட்' என்ற பொறிப்பு. பழைய பெட்டிகள் மேசை உயரம், யாரோ ஒரு துரையின் மனமகிழ் மன்றத்தில் கிடந்தவை, அவற்றில் வெறும் நாற்பது. ஏழு மடங்கு முழங்கும் என்று கணக்கிட்டேன். மனைவி பொன்மணியின் கணக்கு வேறு.

"நாப்பதுக்கே கூரைத் தகரம் அதிருது. முன்னூறுன்னா தகரம் போடியில போய்த்தான் விழும்."

நோக்கம் ஒன்றே. 16, ஞாயிறு, தேவிகுளத்தில் கூட்டம். ஓய்வு பெற்ற தொழிலாளர் தோட்டக் கம்பெனியின் லயத்து வரிசை வீட்டைவிட்டு இறங்க வேண்டும் என்னும் நிலைக்கு எதிராக, வீட்டுமனை கேட்டு. என் குரல் தாங்குமா, தெரியாது. பழைய கூட்டப் பதிவுகளைக் கேட்டு எந்த முழக்கம் மலையை அசைத்தது என்று குறித்துக்கொண்டால், அந்த ஒன்றை மட்டும் அன்றைக்குச் செலவிடலாம். ஒன்றே ஒன்று. மருத்துவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

பதிவுகள், எங்கள் கூட்டங்களுக்கு ஒலியமைக்கும் ரோஸ்லின் கொடுத்தவை. பதினோரு ஆண்டு மேடைகள், நகமளவு நினைவட்டையில்.

ஐப்பசி 5, அறிவன் (புதன்)

மழை. கேட்டேன். ஏமாற்றம்.

பெருக்கியின் (ஆம்ப்ளிஃபையர்) குமிழைப் பாதிக்கு மேல் திருகியும் பழைய பெட்டிகளின் நிறைவு இல்லை. அதைவிடப் பெரிய குறை: முழக்கத்தைக் காணவில்லை. 'இந்த மலையைச் செதுக்கிய கைக்கு ஒரு சாவி இல்லையா?' அந்த வரியை அடிவயிற்றிலிருந்து எழுப்பினேன். நன்றாக நினைவிருக்கிறது, மறுநாள் கஞ்சி விழுங்க முடியவில்லை. பெட்டியில் கேட்பதோ, முந்தைய வரியின் அளவிலேயே இன்னொரு வரி.

கடைக்காரருக்கு மடல் தொடங்கினேன். 'முந்நூறு என்று பொறித்து மூன்றென முனகும் பெட்டியை விற்ற தங்களுக்கு.' நல்ல தொடக்கம். மூன்று பக்கம் ஓடியது. பொன்மணி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"எழுத்துலயுமா கத்துறீக? முதல்ல ரோஸ்லினைக் கூப்பிட்டுக் காட்டுவோம்."

நினைவில் வைக்க: தொண்டைக்கு ஆவி, இருவேளை. சிலேட்டுக்குச்சி தீர்ந்தது.

ஐப்பசி 8, காரி

(பொன்மணி நாட்காட்டியில் சனி என்றே வட்டமிடுகிறாள்.)

ரோஸ்லின் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தன் ஜீப்பைத் தானே ஓட்டுபவர், மாதாகோயில் பாடற்குழுவில் பாடுபவர். பன்னிரண்டு ஆண்டாக என் மேடைக்கு எதிரே அமர்ந்தவர்; அவர் முகத்தை இன்றுதான் நேராகப் பார்த்தேன் என்று எழுத நாணமாக இருக்கிறது.

உள்ளே வந்ததும் மேலே பார்த்தார். மோட்டுவளையை ஒட்டி, சன்னலை நோக்கிச் சாய்த்து, பெட்டிகளை நானே தொங்கவிட்டிருந்தேன்.

"எதுக்கு ஐயா அம்புட்டு உசரம்? வீட்டுக்குள்ள கூட்டமா கூடுது?"

மேடைப் பழக்கம். ஒலிபெருக்கி என்றால் உயரத்தில், ஊரைப் பார்த்து. வேறுவகையாக எனக்கு வைக்கத் தெரியாது. சிலேட்டில் எழுதினேன்: 'முந்நூறு வாட். முழங்கவில்லை. பழுது.'

சிரித்தார். "முன்னூறுங்கறது அது தாங்குற அளவு ஐயா. தர்ற அளவு இல்ல. நம்ம ஜீப்புல இருபது பேரு ஏறலாம். அதுக்காக ஜீப்பு வெரசாப் போயிருமா?"

பெட்டிகளை இறக்கி மேசையில் வைத்தார். பழையவற்றையும் உள்ளறையிலிருந்து இழுத்து வந்தார். அளவு நாடா, மின்னளவி, கைப்பேசி. மழைபோல் சீராக இரையும் ஓர் ஒலியை ஓடவிட்டு, பெட்டிக்குச் செல்லும் மின்னழுத்தத்தை அளந்து குமிழை மயிரிழையாக நகர்த்தினார். ஒரு மீட்டர் தள்ளிக் கைப்பேசியைப் பிடித்தார்.

"ஒரு வாட் குடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்னா எம்புட்டுச் சத்தம்? அம்புட்டுத்தான் கேள்வி. ஃபோனு முன்னப்பின்ன காட்டும். ஆனா ரெண்டையும் ஒரே ஃபோனுல அளந்தா வித்தியாசம் பொய் சொல்லாது."

அளப்பதற்கு முன்பே கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "வித்தியாசம் பத்து வரும்" என்றார். வந்தது.

பழையது: 95 டெசிபெல்.
புதியது: 85.
புதியதன் அட்டையில் அச்சிட்டிருப்பது: 88.

'பொய்யர்கள்!' என்று சிலேட்டில் அடிக்கோடிட்டேன்.

"பொய்யில்ல ஐயா, அவசரப்படாதீக. கம்பெனிக்காரக எல்லாப் பெட்டிக்கும் ஒரே வோல்ட்டு குடுத்து அளக்குறாக. எட்டு ஓம் தடையுள்ள பெட்டிக்கு அது ஒரு வாட். இது நாலு ஓம், அதே வோல்ட்டுல ரெண்டு வாட் குடிச்சிரும். ரெண்டு மடங்கு குடிச்சா மூணு டெசிபெல் கூடத்தானே செய்யும்? நான் ஒரு வாட்டுக்கு இறக்கி அளந்தேன்."

இந்த ஒரு வாட், ஒரு மீட்டர் அளவே உணர்திறன். மூன்று டெசிபெல் கூட வேண்டுமானால் ஆற்றல் இருமடங்கு. பத்துக்குப் பத்து மடங்கு. பழைய பெட்டி ஒரு வாட்டில் எழுப்பும் ஒலிக்குப் புதியது பத்து வாட் கேட்கிறது. என் பெருக்கியின் முழு வலிமையே இருபது வாட். உணர்திறனின் உடன்பிறப்பு பயனுறுதிறன்: முன்னே நின்று கேட்பதை மட்டும் அல்லாமல், எல்லாப் பக்கமும் பரவும் ஒலியைக் கூட்டி, உள்ளே போன மின்னாற்றலில் அது எத்தனை பங்கு என்று பார்ப்பது. பழையதில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு. புதியதில் ஆயிரத்துக்கு இரண்டு.

'மிச்சம்?'

"சூடு. சுருள் சூடாகும், அம்புட்டுத்தான். பாதிப் பேரு அந்தச் சூட்டைத்தான் சத்தம்னு நினைச்சிக்கிறாக."

அடுக்களையில் பொன்மணியின் இருமல். சிரிப்பை மறைக்கும் இருமல்.

புதியவற்றை அவர் இகழவில்லை. சின்னப் பெட்டிக்குள் ஆழ்ந்த தொனியும் வேண்டுமென்றால் சத்தத்தைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டுமாம். புதிய பெட்டிகளைச் சுவரருகே, காது மட்டத்தில் அமர்த்தி, என் நாற்காலியை இழுத்து முன்னே போட்டார். அதே குமிழ், அதே பெருக்கி. அவர் ஓடவிட்ட இசையில் நாகசுரக்காரர் மூச்சு வாங்கும் ஒலிகூடக் கேட்டது. என்ன அறிவு! என்ன செவி! இவ்வளவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, தேநீரை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

கடைக்காரருக்கு எழுதிய மடலை அடுப்பில் போட்டேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

விடிந்ததும் பழைய பெட்டிகளில் பதிவைக் கேட்டேன். ஒலி நிறைந்தது. முழக்கம் மட்டும் இல்லை! பதினோரு ஆண்டில் எந்தப் பதிவிலும் இல்லை.

கோயில் முடிந்து ரோஸ்லின் வந்தார். சிலேட்டை நீட்டினேன்: 'பெட்டியில் குறையில்லை என்றால் பதிவில் குறையா?'

முக்காட்டு நுனியை மடித்து மடித்துப் பார்த்தார்.

"பதிவுல குறையில்ல ஐயா. நான்தான். நீங்க மூச்சை இழுத்துத் தோளைத் தூக்குறப்பவே எனக்குத் தெரிஞ்சிரும். குமிழை இறக்கிருவேன். முழக்கம் முடிஞ்சதும் ஏத்திருவேன். சனங்களுக்குப் போறதுதான் பதிவுலயும் ஏறும்."

'எப்போதிலிருந்து?'

"ரெண்டாவது வருசத்துல இருந்து. முத வருசம் இறக்கல, அப்பப் பதிவும் கிடையாது, ரெண்டு ஸ்பீக்கரு எரிஞ்சு போச்சு. முன்னால இருந்த பொம்பளைக காதைப் பொத்துனாக. பின்னால இருந்தவகளுக்குச் சத்தம் போய்ச் சேந்துச்சு, சொல்லு சேரல."

சினம். எழுந்து வெளியே போய் ஏலச் செடிகளுக்கு நடுவே நின்றேன். கத்தவும் வழியில்லை. மழைத்தூறல். பதினோரு ஆண்டாக என் முழக்கம் எதையும் எவரும் கேட்டதில்லை. தொண்டையை நான் கிழித்த ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அமைதியாக அதை அழித்திருக்கிறது. அப்படியென்றால் அந்தக் கைதட்டல்?

திரும்பி வந்து அதையே எழுதிக் காட்டினேன்.

"அது நீங்க சொன்ன சொல்லுக்கு ஐயா. வேற எதுக்கு?"

ஐப்பசி 11, செவ்வாய்

கூட்ட அமைப்பாளர் அந்தோணி வந்தார், நனைந்த குடையோடு. "ஒண்ணே ஒண்ணு ஐயா. அந்தச் சாவி முழக்கம். அதைக் கேக்கத்தான் பீர்மேட்டுல இருந்தெல்லாம் ஜீப்பு பிடிச்சு வாராக. மனைப் பட்டயம் கிடைக்குதோ இல்லியோ, சனத்துக்கு ஒரு தெம்பு வேணும்ல?"

நீர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை ஐயா, என்று எழுதப் போய் நிறுத்தினேன். 'பார்ப்போம்' என்று எழுதினேன்.

அவர் போனபின் பொன்மணி: "முப்பது வருசத்துல இப்பத்தான் நான் ஒரு பேச்சைப் பேசி முடிக்கிறேன். ஆனா உங்க குரல் இல்லாம வீடு நல்லால்ல."

ஐப்பசி 14, வெள்ளி

நோன்பு முடிந்தது. முதற்சொல்: "பொன்மணி." மெல்ல. ஆவி பறக்கும் கரண்டியோடு ஓடி வந்து நின்றாள்.

மாலை, முற்றத்தில் ரோஸ்லினோடு ஒத்திகை. ஒலிவாங்கியை நான் பிடித்த இடத்திலிருந்து வாயருகே தள்ளினார். "கத்துறவகளுக்கு ஒரு முழம். பேசுறவகளுக்கு நாலு விரல். தலையை அங்கிட்டு இங்கிட்டுத் திருப்பாதீக, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்." கூட்டத்துக்கென அவர் தேர்ந்த பெட்டிகள், ஒரு வாட்டுக்கு நூறு டெசிபெல் தருபவை. பொன்மணியிடம் பேசும் அளவில் பேசினேன். எதிர்ச்சரிவில் நாய் குரைத்தது.

ஆயினும் ஒரு முழக்கத்தை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறேன். ரோஸ்லினிடம் சொல்லவில்லை.

ஐப்பசி 16, ஞாயிறு

தேவிகுளம். மேகம் தலைக்கு மேல் ஒரு சாண். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே திடல் நிறைந்தது. முன்வரிசையில் கம்பளி போர்த்திய பெண்கள், முப்பது நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த கைகள்.

முப்பது நிமையம் தாழ்ந்த குரலிலேயே பேசினேன். பின்வரிசைத் தலைகள் ஆடுவது தெரிந்தது. பிறகு அந்த வரி வந்தது. என்னை அறியாமல் மூச்சு இழுத்தது. தோள் எழுந்தது. கூட்டத்துக்கு அப்பால் ரோஸ்லினைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். குமிழை இறக்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இம்முறை கத்தினால் அது கேட்கும். பதினோரு ஆண்டில் முதன்முறையாக. ஒருவேளை கடைசியாகவும்.

தோளை இறக்கினேன். நாலு விரல். பொன்மணியிடம் கேட்பதுபோலக் கேட்டேன்: இந்த மலையைச் செதுக்கிய கைக்கு ஒரு சாவி இல்லையா?

ரோஸ்லினின் கை குமிழுக்குப் போனது. ஏற்றினார். அலுவலகச் சுவரில் பட்டு வரி திரும்பி வந்தது, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக. பிறகு முன்வரிசைப் பெண்கள் எழுந்தார்கள். பிறகு எல்லோரும்.

இறங்கியதும் அந்தோணி கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னேன்ல ஐயா! ஒண்ணே ஒண்ணு! என்னா முழக்கம், மலையே ஆடிருச்சுல்லா!"

ரோஸ்லின் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.

வீடு திரும்பியதும் கஞ்சி. இரண்டு கிண்ணம், வலியின்றி.