ஒரு புகாரும் இல்லாத விருந்தாளி

அனுப்புநர்:
பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை,
லிஃப்ட் பழுதுபார்ப்பவர்,
பள்ளிக்கு எதிரே உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு, நான்காம் தளம்.
(பெயரும் கதவு எண்ணும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: வெளிநாட்டுக் குடும்பங்களோடு தங்கப் போகும் மாணவர்களுக்கு எங்கள் பள்ளியில் நடத்தப்படும் ‘மாதிரி வீடு’ பயிற்சியை வரும் திங்கட்கிழமைக்குள் நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தலைமையாசிரியைக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்கள், அவர் அனுப்பிய ஒரு பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் பதினான்கு பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய், ஆளுக்கொரு குடும்பத்தோடு ஆறு வாரம் தங்கிப் படித்துத் திரும்புகிறார்கள். அந்தப் பதினான்கு இடத்துக்கு நாற்பது பேர் முட்டி மோதுவார்கள். அவர்களைத் தயார்செய்வதற்காகப் பழைய வேதியியல் ஆய்வகத்தில் ஒரு வீட்டை ஜோடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு சாப்பாட்டு மேசை, குளியலறை என்று சொல்லித் தொங்கவிட்ட ஒரு திரை, அவ்வளவுதான். பெற்றோர்களில் இருவர் அந்த வீட்டின் அம்மா அப்பாவாக நடிக்க வேண்டும். சென்ற ஆண்டு அப்பாவாக நடித்தவன் நான். ஆகையால் இந்த மனுவில் உள்ள எதுவும் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டது அல்ல என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. பயிற்சி அளிப்பவர் முன்பு ஒரு பெரிய ஹோட்டலில் பணிப்பெண்களுக்கு வகுப்பெடுத்தவர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் புன்னகை மேடம். அவருடைய பதினோரு விதிகளும் கரும்பலகைக்கு மேலே ஒட்டப்பட்டுள்ளன. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் மூன்று நொடிக்குள் “நன்றாக இருக்கிறேன்” என்று சொல்ல வேண்டும் என்பது முதல் விதி. ஒருவர் சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி கேட்கக் கூடாது என்பது நான்காவது. தங்கிய வீட்டில் நாம் இருந்த தடயமே தெரியக் கூடாது என்பது ஒன்பதாவது. “கஷ்டத்தச் சொல்ற பிள்ளைய எந்த வீட்லயும் ரெண்டாவது தடவ கூப்பிட மாட்டாங்க. சிரிங்க. இன்னும் கொஞ்சம். பல்லு தெரியட்டும்” என்பார். பெற்றோர்களாகிய நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொள்வோம்.

3. சாப்பாட்டு மேசைமேல் ஒரு தட்டு மணி உண்டு. பிள்ளை முகம் சுளித்தால் அப்பாவாக நடிப்பவர் அதைத் தட்ட வேண்டும். மூன்று முறை மணி வாங்கிய பிள்ளையின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். காத்திருப்போரில் முதலாவது நிற்பவர் உள்ளே வருவார். மணி அடிக்க வாகாக, சூப்பில் நான்கு கரண்டி உப்பைக் கொட்டி வைப்போம். ஒரு அளவு சிறிய காலணியைப் போட்டுவிட்டு நடக்கச் சொல்வோம். கட்டிலில் ஈரப் போர்வையை விரித்துப் படுக்கச் சொல்வோம். ஈரப் போர்வை என்னுடைய யோசனை. அதற்காக மேடம் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

4. என் மகள் அப்போது காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருந்தாள். அவளுடைய நெருங்கிய தோழி பதினான்கு பேரில் ஒருத்தி. ஏற்கெனவே இரண்டு மணி வாங்கியிருந்தாள். ஒரு நாள் பயிற்சியில் அந்தப் பெண்ணுக்கு வயிறு சரியில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கண்ணால் கெஞ்சினாள். வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்திருக்கக் கூடாது என்பது ஏழாவது விதி. எங்கள் கற்பனை வீட்டின் கற்பனைத் தோட்டத்தைப் பற்றி நான் இருபது நிமிடம் பேசினேன். பேசுவதற்கு விஷயம் தீர்ந்த பிறகும் விடாமல் பேசினேன். கடைசியில் அவள், “அங்கிள், ப்ளீஸ்” என்றாள். நான் மணியைத் தட்டினேன். அவள் எழுந்து கதவை எட்டுவதற்குள் உடை நனைந்துவிட்டது. முப்பத்தொன்பது பிள்ளைகளும் அவரவர் சிரிப்பைக் கலைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் என் கை இன்னும் மணியின் மேலேயே இருந்தது. மறுநாள் என் மகள் பெயர் பட்டியலில் ஏறியது. எங்கள் வீட்டில் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். மகள் சாப்பிடவில்லை, ஏன் என்று கேட்டதற்கு, நல்லா இருக்கேன்ப்பா என்றாள்.

5. அதன் பிறகு வீட்டிலும் பயிற்சி தொடர்ந்தது. என் மனைவி அடிக்கடி, “அவ பச்சப் புள்ளைங்க, வலிச்சா வலிக்குதுன்னு சொல்லட்டுமே” என்பாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐயா, இருபத்திரண்டு ஆண்டுகளாக லிஃப்ட் வேலை பார்க்கிறேன். கம்பியில் சின்ன முனகல் கேட்டாலே மின்சாரத்தை நிறுத்திவிட்டு மேலே ஏறிப் பார்ப்பவன் நான். முனகாத லிஃப்ட்தான் ஆபத்து என்று புதிய ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனும் நானே. இதைத் தற்பெருமைக்காக எழுதவில்லை. எனக்குத் தெரியாமல் போயிற்று என்று நாளை யாரும் எனக்காகப் பரிந்து பேசக் கூடாது என்பதற்காகப் பதிவு செய்கிறேன்.

6. மகள் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில் அவளுக்கு இடது காதில் சீழ் பிடித்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளி அரங்கத்தில் பெற்றோர்கள் எல்லோரும் கூடியிருக்க, பெரிய திரையில் பிள்ளைகளோடு பேச வைத்தார்கள். அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. நான் கவனித்தேன். என்னம்மா என்றேன். இரண்டு நொடியில், “நல்லா இருக்கேன்ப்பா” என்று பல் தெரியச் சிரித்தாள். மேடம் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நான்தான் கடைசிவரை தட்டினேன்.

7. அவள் தங்கிய வீட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. சொல்ல முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அந்த வீட்டு அம்மா எழுதிய கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன். தினமும் காலையில் அவர் என் மகளிடம் நலம் விசாரித்திருக்கிறார். தினமும் சிரிப்புதான் பதில். சீழ் வடிந்த தலையணை உறையை, அவர் விழிப்பதற்கு முன் எழுந்து இவள் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். இவ்வளவு சுத்தமான பிள்ளையா என்று அவர் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். சீழ் பிடித்த பன்னிரண்டாம் நாள் காய்ச்சலில் சமையலறையில் விழுந்தபோது, தூக்கியவரிடம் மயக்கத்திலும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னாளாம். ஒரு வாரம் முன்பு கொண்டுவந்திருந்தால் காதைக் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இடது காது போய்விட்டது. “எங்கள் வீட்டில் அவளுக்கு யார்மேல் பயம்?” என்று அந்த அம்மா கடிதத்தில் கேட்டிருக்கிறார். இன்றுவரை நான் பதில் எழுதவில்லை.

8. தலைமையாசிரியையின் பதில் நான்கு வரி. காதுக் கோளாறு பயணத்துக்கு முன்பே இருந்திருக்கலாம் என்பது மூன்று வரி. தங்கள் மகள் பள்ளிக்கே பெருமை என்பது ஒரு வரி. அந்தப் பெருமையை ஆய்வகக் கதவில் பெரிய படமாக மாட்டியும் இருக்கிறார்கள். பல் தெரியச் சிரிக்கும் என் மகள். கீழே ‘ஒரு புகாரும் இல்லாத விருந்தாளி’ என்ற எழுத்து. வரும் திங்கட்கிழமை அடுத்த நாற்பது பிள்ளைகள் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போகப் போகிறார்கள். இந்த ஆண்டும் அப்பாவாக நடித்துத்தர வேண்டும் என்று மேடம் எனக்கு ஆள் அனுப்பினார். என் அனுபவம் மற்றவர்களுக்கு வராதாம்.

9. எனவே அந்த அறையைப் பூட்டவும், படத்தை இறக்கவும், பதினோரு விதிகளின் இடத்தில் “வலித்தால் சொல்” என்று ஒன்றே ஒன்றை எழுதி ஒட்டவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மணியால் இடம் இழந்த அந்தத் தோழிக்கு இந்த ஆண்டு இடம் தர வேண்டும். என்னைத் தெருவில் கண்டால் அவள் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள், அது நியாயம்தான். நடவடிக்கைக்கு உரியவர்கள் தலைமையாசிரியை, பயிற்சியாளர், நான் என மூவர். முதல் இருவர் மீது மட்டும் நடவடிக்கை எடுத்து என்னைப் பாதிக்கப்பட்டவரின் தந்தை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

10. விசாரணைக்கு வருபவர் தயவுசெய்து என் மகளின் வலப்பக்கம் உட்கார வேண்டும். இடப்பக்கம் உட்கார்ந்து பேசினால் அவளுக்குக் கேட்காது. கேட்கவில்லை என்றும் சொல்ல மாட்டாள், சிரிப்பாள். அவள் முதலில் சொல்லும் பதிலை எழுதிக்கொண்டு எழுந்துவிட வேண்டாம். மறுபடி கேட்க வேண்டும். அதற்கும் அதே பதில் வந்தால் மறுபடியும் கேட்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லாமல் போனதால்தான் இந்த மனு.

11. அவள் சம்மதம் இல்லாமல் அனுப்புவது முறையல்ல என்பதால், நேற்று மாலை அவளை எதிரே உட்காரவைத்து இந்த மனுவை முதல் வரியிலிருந்து படித்துக்காட்டினேன். தோழியைப் பற்றிய பத்தியையும் விடவில்லை. நிறுத்தாமல் படித்து முடித்தேன். எதையாவது மாற்ற வேண்டுமா, அப்பாமேல் கோபமா, ஏதாவது சொல்லும்மா என்றேன். மூன்று நொடிகூட ஆகவில்லை. “நல்லா இருக்குப்பா” என்றாள், பல் தெரிய.

இடம்: பள்ளி எதிர்க் குடியிருப்பு
நாள்: 9, புதன்கிழமை

புகார் கொடுப்பவனும் மூன்றாவதாகப் புகாருக்கு உள்ளானவனும்,
(கையொப்பம்)
மாதிரி வீட்டின் அப்பா

இணைப்பு: மருத்துவச் சான்று, அந்த வீட்டு அம்மாவின் கடிதம், தட்டு மணி ஒன்று.