கட்டிலில் இருந்தபடி உன் அம்மா நடத்தும் குடித்தனம்

நெய்வேலி
14-2-1982

அன்பு மகள் சந்திரகலாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் பிலாயில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன், உன் அம்மா முன்னைக்கு இப்போது தேவலை. ஒவ்வொரு கடிதத்திலும் இதைத்தான் எழுதுகிறேன், நீ நம்புவதில்லை என்று தெரியும், ஆனால் இந்தத் தடவை மெய்தான், கடைசிவரை படி. பதில் போடவில்லை என்று கோபப்படாதே தாயி. ஷிப்டு முடிந்து வந்து அடுப்பைப் பற்றவைத்து, அவளுக்கு உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டி, துணி அலசிப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் பேனா பிடிக்கக் கை வருவதில்லை. சுரங்கத்தில் இத்தனை வருஷம் பம்ப் ஓட்டியும் நான் இப்படி அசந்தது கிடையாது.

பணம் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய், வேண்டாம். அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்து பேச்சும் போனபோது நீ சின்னப் பிள்ளையோடு வந்து இருந்து பார்த்தாயே, அதுவே பெரிசு. நீ ரயிலேறிய பிறகுதான் நான் திண்டாடிப் போனேன். சம்பளத்தில் பாதி புதுச்சேரி டாக்டருக்கும் மருந்துக்கும் வண்டிக்கும் போய்விடுகிறது, மீதியில் வீடு நடத்த எனக்கு எங்கே தெரியும். அவள் கையில் ஒரு மாதம் வரும் லெக்கோ அடுப்புக்கரி மூட்டை என் கையில் பாதி மாதத்திலேயே தீர்ந்தது. ரேஷன் கார்டுக்குக் கொடுக்கும் சீமெண்ணெயும் அப்படித்தான். கரிக் கடைக்காரன் எடையில் கை வைக்கிறான் என்று போய்ச் சண்டை போட்டேன். அவன் என் கண் முன்னாலேயே இன்னொரு மூட்டையைத் தராசில் ஏற்றிக் காட்டினான், சரியாக இருந்தது, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன்.

அப்போது அவள் கட்டில் முன் அறையில் கிடந்தது. தனியாகக் கிடக்கிறாளே, நான் சமைக்கும்போதாவது ஆள் முகம் பார்க்கட்டும் என்று பக்கத்து வீட்டு வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டு ஒரு கை பிடிக்கச் சொல்லிச் சமையற்கட்டு வாசலுக்கு எதிரே கட்டிலைப் போட்டோம். அன்றைக்கே ஆரம்பித்தது. உலை வைத்தேன், இடது கையில் இருந்த எவர்சில்வர் டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டினாள். தாகம் என்று தண்ணீர் கொண்டுபோனால் தள்ளிவிட்டாள். படுக்கை நனைந்துவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. திரும்பி வந்தால் திரும்பவும் தட்டினாள். அலுப்பில் உனக்கு என்னதான் வேண்டும் என்று கத்திவிட்டேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது, ஆனால் பார்வை என் மேல் இல்லை, எனக்குப் பின்னால் அடுப்பின் மேல் இருந்தது. பானையை நான் மூடவில்லை. மூடினேன், தட்டல் நின்றது.

அதிலிருந்து அவள் குடித்தனம் நடத்துகிறாள், அவள் சொன்னதை நான் செய்கிறேன். சொன்னதை என்று எழுதிவிட்டேன், சொல்ல வாய் ஏது, எல்லாம் தட்டலும் கண்ணும்தான். சோறு முக்கால் வெந்ததும் இறக்கி வைக்கோல் கூடைக்குள் வைத்துச் சாக்கைப் போட்டு மூட வேண்டும் என்று புரியவே எனக்கு வெகு நேரம் ஆனது, பழைய சாக்கை அவள் காட்டக் காட்ட நான் அதை அவள் காலில் போர்த்தினேன். இப்போது மிச்சத்தை அந்தச் சூடே வேகவைத்துக்கொள்கிறது. சமையல் முடிந்ததும் கங்கின் மேல் தண்ணீர் தெளித்து அணைத்து, காயவைத்து மறுநாளுக்கு எடுத்துக்கொள்கிறேன், நான் முன்பெல்லாம் அதைச் சாம்பலாகும்வரை எரியவிட்டுக் கொண்டிருந்தேன். உடம்பு துடைக்க வெந்நீர் போடுவதில்லை. காலையில் பித்தளை அண்டாவில் நிரப்பிப் பின்பக்க வெயிலில் வைத்துவிட்டுப் போனால் நான் வரும்போது கை பொறுக்கும் சூட்டில் இருக்கிறது. துணி அலசிய தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டேன், கீரையும் போட்டிருக்கிறேன், வாரத்தில் பாதி நாள் காய் வாங்குவதில்லை. பாத்திரம் கழுவ வரும் மாரியம்மாள் அரிசி கழுவிய கழனித் தண்ணீரைத் தன் எருமைக்குக் கொண்டுபோகிறாள், பதிலுக்கு வறட்டி கொண்டுவந்து போடுகிறாள். சுரங்கத்தில் ராப்பகலாகத் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பவன் நான், வீட்டில் ஒரு சொம்பைக் கவிழ்க்குமுன் அவள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கரி மூட்டை இப்போது மாதக் கடைசிவரை வருகிறது. ஆனாலும் தாயி, உண்மையைச் சொல்கிறேன், சில நாள் அந்தத் தட்டல் கேட்டால் வீட்டை விட்டு ஓடிப் போகலாமா என்றிருக்கும். ஒரு வார்த்தை பேசினால் ஆயிரம் வேலை செய்யலாம், பேசாத ஆளுக்குச் செய்வதுதான் பாரம்.

போன வாரம் வடலூர் தைப்பூசம். வருஷா வருஷம் அவளோடு ஜோதி பார்க்கப் போவேன், இந்த வருஷம் ரோட்டில் பஸ் பஸ்ஸாகப் போவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் பின் அறையில் துணி எடுக்கப் போட்ட லைட்டை அப்படியே விட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்தவன் கண்ணயர்ந்துவிட்டேன். யாரோ அணைங்க என்றார்கள். வெள்ளைச்சாமி சம்சாரம் புஷ்பவல்லி வந்திருக்கிறாள் போலிருக்கிறது என்று கண்ணைத் திறந்தால் வாசலில் யாரும் இல்லை. மறுபடியும், அணைங்க. குழறலாகத்தான், ஆனால் உன் அம்மா குரல். நான் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன், என்ன சொன்னாய் இன்னொரு தரம் சொல்லு என்று கேட்கிறேன், அழுகை வேறு வருகிறது, அவளோ என்னைச் சட்டை செய்யாமல் பின் அறையையே காட்டி அதையே சொல்கிறாள், வெளிச்சம் வீணாகிறதே என்று கோபம் அவளுக்கு. சத்தம் கேட்டுப் புஷ்பவல்லி ஓடி வந்து அவள்தான் போய் அணைத்தாள். மறுநாள் மாரியம்மாள் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு மூஞ்சி தெளிஞ்சிகினு வருதுங்க என்றாள்.

அதற்கப்புறம் நான் செய்வதை டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். தினமும் சாயங்காலம் ஒரு லைட்டைப் போட்டு மறந்தவன் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு நாள் குளியலறைக் குழாயைச் சொட்டவிட்டேன், குழாய் என்றாள். இன்னொரு நாள் ஃபேன். கரியில் மிச்சம் பிடித்ததில் கொஞ்சம் கரண்டில் போகும், போகட்டும். நேற்று லைட்டையும் ஃபேனையும் சேர்த்தே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, வேணும்னேதானே விடுறீங்க என்றாள். முழுசாக, தாயி. சொல்லிவிட்டுச் சிரித்தாள், வாயின் வலது ஓரம் மட்டும் இன்னும் வரவில்லை. நான் எழுந்துபோய் இரண்டையும் நிறுத்தினேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். பேத்தியைக் கன்னத்தில் முத்தமிட்டதாகச் சொல். நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் பல காலம் இருக்க அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். ஒன்று மட்டும் மறக்காதே, சித்திரை லீவுக்கு வரும்போது பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிக் கூட்டி வா, அம்மாச்சி கோணலாகச் சிரிப்பாள், வார்த்தை குழறும், பயப்படக் கூடாது. சோற்றைச் சிந்தினாலும் தண்ணீரைக் கொட்டினாலும் அதட்டுவாள். நீ குறுக்கே போகாதே, அதட்டட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
ராஜாங்கம்