முத்தாழை ஐஸ் கிடங்கு

மணல்தீவு வானிலை நிலையம், முத்தாழை நகராட்சி

மே 11, 2063. காலை 6.00
வெப்பம் 34. ஈரக்குமிழ் 29. காற்று இல்லை. கருவிகள் சரி. குளிரூட்டி சரி.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் ஃபிலோமினா. வானிலை ஆய்வாளர். தீவில் நான் ஒருத்திதான்; ஊர் எதிர்க்கரையில். ஈரக்குமிழ் என்பது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி. அது முப்பத்தைந்தைத் தொட்டால் வேர்வை காயாது. நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கூட சில மணி நேரத்தில் செத்துப்போவார்.

நகராட்சி போன வருடமே காலநிலை அவசரநிலை அறிவித்துவிட்டது. ஒருமனதான தீர்மானம். மேசையைத் தட்டினார்கள். இதுவரை நடந்த ஒரே வேலை, ஊர் எல்லையில் 'காலநிலை அவசரநிலை நகராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று போர்டு வைத்ததுதான்.

மே 12. பகல் 2.00
ஈரக்குமிழ் 31. நாளை மறுநாள் 35 வரும். மூன்று தடவை கணக்குப் போட்டுவிட்டேன்.

நகராட்சி ஆணையருக்கு ரேடியோவில் செய்தி அனுப்பினேன்: துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரியின் குளிர்கிடங்குகளைத் திறந்துவிடுங்கள், மீனவர் குப்பம் முழுவதும் உள்ளே கொள்ளும்.

பதில்: "தனியார் கிடங்கைத் திறக்க அரசாணை தேவை. கோரப்பட்டுள்ளது."

அப்படியானால் அவசரநிலை எதற்கு என்று கேட்டேன்.

"மேடம், அது கொள்கை முடிவு."

ரேடியோவை மேசையில் போட்டேன். உடையவில்லை.

மே 13. காலை 11.20
ஈரக்குமிழ் 33. ஏலக்கூடத்தில் மீன் விற்ற இரண்டு பெண்கள் இறந்துவிட்டார்கள். 'உடல்நலக்குறைவு' என்று செய்தி.

நகராட்சித் தலைவர் வள்ளிமயில் கூப்பிட்டாள். இதுவரை கூட்டத்தில் மட்டும் பேசியிருக்கிறோம்.

"அக்கா, நாளைக்கு நீங்க சொல்ற அளவு வருமா? உறுதியா சொல்லுங்க."

"வரும். இன்றைக்கே திற."

"உள்ள இருக்கற இறால் கெட்டுப்போனா கேஸ் போடுவேங்கறாரு ஓனர்."

"இறால் ஏற்கெனவே செத்ததுதான், வள்ளி."

பக்கத்தில் யாரிடமோ கடப்பாரை இருக்கிறதா என்று கேட்டாள். அப்புறம், "சரிக்கா."

மாலை 4.10
கவுன்சிலர்கள் நாலு பேரோடு போய்க் கடப்பாரையால் பூட்டை உடைத்திருக்கிறாள். இறால் பெட்டிகள் வெளியே, ஜனங்கள் உள்ளே. ஆணையர் தன்னிடம் விளக்கம் கேட்டிருப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த வருடத்தில் முதல் தடவையாக இருக்கும்.

மே 14. காலை 10.40
ஈரக்குமிழ் 34.4. கிடங்கில் கூட்டம் நெரிகிறது. கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுகிறது.

"மின்சாரம் பத்தலக்கா. ஏதாச்சும் ஒரு லைனை வெட்டணுங்கறாங்க. ஆஸ்பத்திரி லைன்ல கை வைக்க முடியாது."

அதிகாரிகள் குடியிருப்பில் வீட்டுக்கு நாலு ஏ.சி. ஓடுமே என்றேன்.

"அது வேற லைன். மாவட்டத்துலதான் நிறுத்தணும். கேட்டேன். முன்னுரிமைப் பகுதியாம்."

மிச்சமிருப்பது ஒன்றுதான். அவள் வாயால் சொல்ல மாட்டாள். நானே சொன்னேன்: "தீவு லைனை வெட்டு. என் குளிரூட்டியும் கருவிகளும் இழுப்பது கம்ப்ரஸருக்குப் போதும்."

"அக்கா, போட் அனுப்பறேன்."

"அனுப்பாதே. இந்தப் புழுக்கத்தில் திறந்த படகு. ஓட்டுகிறவன் பாதி வழியில் விழுவான்."

அழுதாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அழ நேரமில்லை என்று திட்டிவிட்டேன்.

பகல் 12.15
மின்சாரம் போயிற்று. ரேடியோ பேட்டரியில் இருக்கிறது. 35.1.

கடலில் இறங்கிப் பார்த்தேன். தண்ணீர் வெந்நீராக இருக்கிறது. ஏறி வந்தேன். படியில் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. எனக்கு நாற்பத்தொன்பது வயது. இப்படிச் சாக வேண்டிய காரியமே இல்லை இது. ஒரு சாவி. ஒரு கையெழுத்து. அந்தக் குடியிருப்பு லைனுக்கு ஒரு சுவிட்ச். இரண்டு நாள் இருந்ததே.

பகல் 1.30
"அக்கா, குப்பம் மொத்தமும் உள்ள இருக்கு. குளிர் நிக்குது. யாருக்கும் ஒண்ணும் ஆகல. கேக்குதா? அக்கா?"

கேட்டது. பொத்தானை அழுத்தினேன். குரல் வரவில்லை.

நேரம் தெரியவில்லை
35.6. வேர்வை நின்றுவிட்டது. குளிர்கிறது. இது கெட்ட அறிகுறி என்று தெரியும். இருந்தாலும் போர்வை தேடினேன்.

எழுத்து ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. பேச முடியாததால் எழுதுகிறேன். வள்ளி, சாயங்காலமும் இது இறங்காது. நாளைக்கும் இதே அளவுதான், இப்போதுதான் கணக்கில் தெரிகிறது. ஒரு நாளோடு முடியாது. ஆணையர் வந்து எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்பார். கேட்காதே. கதவைச் சாத்தியே வை. யாரையும் வெளியே விடா