விக்டர் மிசேவுக்குத் தெரியாத படம்

கருவடிக்குப்பம், புதுச்சேரி
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மாமாவும் நலம்தானே? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நீ பேசும்போதெல்லாம் உன் மாமியார் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். எனக்குக் கூச்சத்தில் வார்த்தையே வருவதில்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுவது, பிழை இருந்தால் சிரிக்காதே.

நான் இப்போது விக்டர் மிசே வீட்டில் வேலை செய்கிறேன். ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார், அதனால் எல்லோருக்கும் அவர் 'மிசே'. சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்களைக் கூப்பிட்டுச் சுவரில் படம் போடுவார். இந்த வருஷம் எல்லாமே பட்லர்கள், வேலைக்காரிகளைப் பற்றிய படங்கள். நான் காபித் தட்டோடு கதவோரம் நின்று பார்ப்பேன். நேற்றைய படத்தில் ஒரு பட்லர் டம்ளர்களைக் கழுவி ஈரத்தோடு அடுக்கிவிட்டு, முப்பது வருஷம் உழைத்த வீட்டை விட்டுப் பெட்டியோடு போனான். படம் பார்க்க வந்திருந்த ஒரு மதாம் அழுதுகொண்டே காலிக் கோப்பையை என் பக்கம் நீட்டினார், என் முகத்தைப் பார்க்காமலே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. "முகிலனுக்கும் நம்ம வூட்டுலயே பொண்ணு கேக்குறாங்கடி! அக்காளும் தங்கச்சியும் ஒரே வூட்டுல இருப்பீங்க, ஒனக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி வந்துடும்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்குப் பதினெட்டு முடிந்த மறுநாளே பதிவுக் கல்யாணமாம். உன் கொழுந்தனை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். வரட்டுமா அக்கா? நீ சொன்னால் வருகிறேன்.

உன் தங்கை,
அஞ்சலாட்சி


பாரிஸ் புறநகர்
30 ஜூன் 2024

அன்புள்ள அஞ்சுவுக்கு,

உன் கடிதத்தை அத்தை சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். எல்லோரும் சிரித்தோம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அத்தை என்னை மகள் போல வைத்திருக்கிறார்கள். உன் மாமாவுக்கு வாரத்தில் ஐந்து நாள் வெளியூர் வேலை. நான் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன்.

டம்ளரை ஈரத்தோடு அடுக்கியது தப்பு. வெள்ளைத் தடம் விழும். வெந்நீர் ஆவியில் காட்டி, பழைய பருத்தித் துணியால் முதலில் உள்ளே, பிறகு வெளியே துடைக்க வேண்டும். எண்பது டம்ளருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். படம் எடுத்தவர்களுக்கு இதெல்லாம் தெரியவில்லை.

முகிலன் நல்ல பையன். நீ வந்தால் அத்தைக்குச் சந்தோஷம்.

அன்புடன்,
சிவசங்கரி


கருவடிக்குப்பம்
15 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். உறையின் வாயில் பசைமேல் பசை தடவியிருந்தது. மழையில் பிரிந்து யாராவது திரும்ப ஒட்டியிருப்பார்கள்.

நான் வந்தால் அத்தைக்குச் சந்தோஷம் என்று எழுதியிருந்தாய். உனக்குச் சந்தோஷமா என்று எழுத மறந்துவிட்டாய்.

சனிக்கிழமை பார்த்த படத்தில் ஒரு வேலைக்காரி. இரண்டு மணி நேரப் படத்தில் அவள் ஒரு தடவைகூட உட்காரவில்லை. நீ அனுப்பிய ஏழு போட்டோக்களையும் வீட்டில் எடுத்துப் பார்த்தேன். எல்லாமே அழகு. மற்றவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், நீ பின்னால் நின்று சிரிக்கிறாய். நாலு பேர் இருக்கிற வீட்டில் எண்பது டம்ளரை எங்கே வைக்கிறீர்கள்?

பிரெஞ்சில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு, மிசேவிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்கிறேன். அத்தை இதையும் படிப்பார்கள், குடும்பக் கதை அவர்களுக்கு அலுப்பாக இருக்கும். நீ பார்த்த படம் ஏதாவது இருந்தால் அந்தக் கதையை எழுதேன்.

உன் தங்கை,
அஞ்சலாட்சி


பாரிஸ் புறநகர்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அஞ்சுவுக்கு,

வகுப்புக்கு இப்போது விடுமுறை, அதனால் பிரெஞ்சு வரி அடுத்த முறை. நீ கேட்டபடி படக்கதை எழுதுகிறேன். டிவியில் போட்டார்கள், பழைய காலத்துப் படம்.

ஒரு பெரிய பண்ணை வீடு. தூரத்து ஊரிலிருந்து ஒரு பெண் மருமகளாக வருகிறாள். அந்த வீட்டு எஜமானி ஊரார் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறவள். வந்த மூன்றாம் நாள் அவள் மருமகளின் ஞானஸ்நானச் சீட்டை வாங்கித் தன் பீரோவில் பூட்டிவிடுகிறாள். அது இல்லாமல் அந்தப் பெண் எங்கேயும் போக முடியாது. விடிவதற்கு முன் எழுந்தால் பாத்திரம், அடுப்பு, மறுபடியும் பாத்திரம். புருஷன் கெட்டவனில்லை. தாய் பேசும்போது தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான், அவ்வளவுதான்.

விருந்துகள் பெருகுகின்றன. ஒரு ஆள் போதவில்லை. எஜமானி தன் இரண்டாவது மகனுக்கு அவள் தங்கையையே கேட்டு ஆள் அனுப்புகிறாள். தங்கை வண்டி ஏறினாளா இல்லையா என்று தெரிவதற்குள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முடிவு தெரியவில்லை. மிசேவைக் கேட்டு எழுது.

அன்புடன்,
சிவசங்கரி


கருவடிக்குப்பம்
26 ஆகஸ்ட் 2024

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உறைமேல் அக்கா பெயர்தான் எழுதியிருக்கிறேன். முதலில் பிரிக்கப்போவது நீங்கள் என்பதால் உங்களுக்கே எழுதிவிடுகிறேன்.

அக்கா எழுதிய படக்கதையை விக்டர் மிசேவிடம் சொன்னேன். "நாப்பது வருஷமா படம் பாக்குறேன், இப்படி ஒரு படம் கெடையாதே அஞ்சலை. அந்தக் கடுதாசியக் கொண்டா" என்றார். படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது படம் இல்லம்மா" என்றார்.

அம்மா முதலில் நம்பவில்லை. "மிசே வூட்டுல கண்ட படத்தயும் பாத்து ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சுடி. ஊரே பொறாமப்படுது, நீ ஏண்டி கெடுக்குற?" என்று திட்டினாள். கடிதத்தை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். பிறகு அம்மா, "நாந்தானே அனுப்பி வச்சேன்" என்றாள். மறுநாள் காலையில் சம்பந்தம் பேச வந்த தரகரை வாசலிலேயே நிறுத்தி, முகிலனுக்கு வேறு பெண் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

மிசேவின் சித்தி மகள் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வக்கீலாக இருக்கிறார். அக்காவின் கடிதங்களை மிசே போனில் படம்பிடித்து அவருக்கு அனுப்பியிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, இன்னும் இரண்டு பேரோடு அவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். இந்தக் கடிதம் வந்து சேர இரண்டு வாரமாவது ஆகும். அதைக் கணக்குப் பண்ணித்தான் இன்று தபாலில் போடுகிறேன்.

அக்காவின் பாஸ்போர்ட் உங்கள் பீரோவில் இருந்திருக்கும். அந்த வக்கீல் அம்மா கேட்டபோது எடுத்துக் கொடுத்திருப்பீர்கள் என்று நம்ப ஆசைதான். நம்ப முடியவில்லை.

அக்கா இன்னும் அங்கேதான் இருந்தால் இதை அவள் கையில் கொடுங்கள். இல்லையென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அஞ்சலாட்சி