வாக்கிங் போக ஒரு கார்

ஜூன் 9, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. பேங்க் வேலை நடக்கவில்லை. வண்டி கிளம்ப மறுக்கிறது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் மட்டும். ஒரு மாதத்தில் இது இரண்டாவது தடவை. பேட்டரி வாங்கி ஒன்பது மாதம்கூட முடியவில்லை.

மந்தைவெளி பேட்டரிக் கடை சேகர் ஸ்கூட்டரில் இன்னொரு பேட்டரியோடு வந்து, வயர் கொடுத்துக் கிளப்பினார். "இன்னா சார், வண்டி நின்னுக்கினே கீதா? என்ஜின் ஓட்னாதான் சார் சார்ஜ் ஏறும்."

"தெனமும் காலம்பற அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கறேனே!"

சிரித்தார். "அது ஸ்டார்ட் பண்ணதுக்கே சரியாப் பூடும். ரோட்ல அரை மணி ஓட்டு சார்."

விஜி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆன நாளாக இந்த மாதிரி சமயத்தில் இரண்டு வார்த்தை கேலி பண்ணுவாள். இன்று இல்லை.

ஜூன் 12, வியாழன்

பேட்டரி வோல்ட் பார்க்க ரிச்சி தெருவில் மல்டிமீட்டர் வாங்கினேன். பேரம் பேசவில்லை, வெயில். இனி கணக்காகப் பார்த்துவிடலாம்.

முழு சார்ஜ் – 12.6 வோல்ட்
பாதி – 12.2
12-க்குக் கீழே – ஆபத்து

வாங்கி வந்ததும் 12.5. மாலை ஐந்தரைக்கு 12.1!! மத்தியானம் வண்டியை யாரும் எடுக்கவில்லை. சும்மா நிற்கும் காரில் கடிகாரமும் அலாரமும் கொஞ்சம் தின்னும்தான், ஆனால் அதற்கு இவ்வளவு இறங்க வாரக்கணக்கில் ஆகும். எங்கேயோ கசிவு.

விஜியிடம் சொன்னேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டே, "எல்லாத்துக்கும்தான் தேய்மானம் இருக்கு" என்றாள். ஒன்பது மாதப் பேட்டரிக்கு என்ன தேய்மானம்?

பல் டாக்டர் – செவ்வாய் 11 மணி. மறக்கக் கூடாது.

ஜூன் 14, சனி

காலையில் ஒரு மணி நேரம் ஓட்டி முழு சார்ஜ் ஏற்றிவிட்டு, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி வைத்துவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. இனி எதுவும் கசிய வழியில்லை. ஏக திருப்தி.

சாயங்காலம் விஜி முகம் சரியில்லை. தலைவலியா என்றால் இல்லையாம். ரசத்தில் உப்பு இல்லை.

ஜூன் 16, திங்கள்

12.6. மூன்று நாளாக அசையவில்லை. ஆனால் விஜி சரியாகச் சாப்பிடுவதில்லை. காபி கொடுக்கும்போது கேட்டாள்: "வண்டிக்கு என்ன ஆச்சு? லைட்டே எரியலையே?"

லைட் எரியவில்லை என்று இவளுக்கு எப்படித் தெரியும்? வயர் கழற்றியதை நான் சொல்லவே இல்லை.

கீழே போய்க் கார் கதவைத் திறந்தேன். முன் சீட்டில் வெந்நீர் பிளாஸ்க். பக்கத்தில் அவளுடைய பழைய ஸ்வர நோட்டு. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எழுதி வைக்கிறேன், மனசு ஆறட்டும். இருபத்தாறு வருஷம் சாயங்காலங்களில் ஆத்திலேயே பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள். போன அக்டோபரில் தைராய்டு ஆபரேஷன். குரல் போய்விட்டது, கிளாஸ் நின்றது. ஒரு மாதம் கழித்து சமையலறையில் இரண்டு வரி பாடிவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "அப்படியேதான் இருக்கு" என்றேன். பொய். பாட்டு வாத்தியாருக்குத் தெரியாதா? அன்றோடு என் எதிரில் பாட வாயைத் திறக்கவில்லை. பாட்டையே விட்டுவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

விடவில்லை. மத்தியானம் நான் தூங்கும்போது கீழே போகிறாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, புழுக்கத்துக்கு வண்டி ஃபேனைப் போட்டுக்கொண்டு, ஒருவர் காதிலும் விழாமல் பாடிப் பார்க்கிறாள். என்ஜின் ஓடாமல் ஃபேன் ஓடினால் பேட்டரிதான் காலியாகும். அதைப் போய்க் கழற்றி வைத்தேனே, மடையன்.

வயரை உடனே மாட்டினேன். 

ஜூன் 17, செவ்வாய்

பல் டாக்டர் ஆயிற்று. ஒன்றைப் பிடுங்க வேண்டுமாம்.

யோசனை:
– அவளிடம் கேட்டுவிடுவது. கூச்சப்பட்டு நிறுத்திவிடுவாள். கூடாது.
– சும்மா இருப்பது. அடிக்கடி அடியோடு காலியானால் உள்ளே தகடுகளில் சல்பேட் படியும், அப்புறம் சார்ஜ் பிடிக்காது. ஒரு நாள் அவள் பாதியில் நிற்பாள். கூடாது.
– தினம் நானே ஓட்டி ஏற்றி வைப்பது.

ஜூன் 18, புதன்

காலை ஐந்தே முக்காலுக்குப் பெசன்ட் நகர் பீச்சுக்குக் காரில் வாக்கிங். பன்னிரண்டு வருஷமாக அபிராமபுரம் தெருக்களையே சுற்றி வந்தவன்.

விஜி வாசலில் நின்று, "நடக்கறதுக்குக் கார்ல போறவாளைக் கண்டா அவ்வளவு கேலி பண்ணுவேள், இப்போ என்னவாம்?"

"கடல் காத்து முட்டிக்கு நல்லதாம்."

"எந்த டாக்டர் சொன்னார்? பல் டாக்டரா?"

ஏசி போடாமல் ஓட்டினேன், அதுவும் பேட்டரிக்கே போகட்டும். திரும்பும்போது அடையாறு பாலம் வழியாக நேரே வராமல், வேண்டுமென்றே சுற்றி வந்தேன். 12.7! மூன்று மணிக்குத் தூங்குவதுபோல் படுத்தேன். கதவு மெல்லச் சாத்தும் சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

ஆறு நாளும் பீச். சேகர் வழியில் பார்த்து, "இப்போ எப்டி கீது சார்?" என்றார். ஜோர் என்றேன்.

செய்யக் கூடாததைச் செய்தேன். மத்தியானம் செருப்பில்லாமல் மாடிப்படியில் பாதி இறங்கி நின்றேன். மூடின காருக்குள்ளிருந்து மங்கலாக அவள் குரல். கீழ் ஸ்வரங்களில் நன்றாக நிற்கிறது. மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போது உடைகிறது. நிறுத்தி, மறுபடி. மறுபடி.  ஓடி வந்து படுத்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

நேற்றிலிருந்து ஜுரம். பீச் இல்லை. நேற்றும் இன்றும் அவள் கீழே போய்விட்டு வந்தாள். மீட்டர் வைத்துப் பார்க்க எழுந்திருக்க முடியவில்லை. கஞ்சி, மாத்திரை, மறுபடி கஞ்சி.

ஜூலை 3, வியாழன்

ஜுரம் 100. மூன்று மணிக்கு விஜி கீழே போனாள். பத்தே நிமிஷத்தில் திரும்பி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வண்டில உசிரே இல்லை. நீங்க பீச்சுக்குப் போய் மூணு நாளாறதே."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"முழிச்சிண்டுதான் இருக்கேள். தூங்கினா குறட்டை விடுவேள்."

"எப்போ தெரிஞ்சுது?"

"முதல் நாளே. முட்டிக்குக் கடல் காத்தாம்!" கொஞ்ச நேரம் என் போர்வையை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு, "செவுத்துப் பக்கம் திரும்பிக்கோங்கோ. மூஞ்சியைப் பார்த்தா எனக்கு வராது."

திரும்பிப் படுத்தேன். பாடினாள். மேலே போகும்போது உடைந்தது. நிறுத்திவிட்டாள்.

"எப்படி இருக்கு?"

பயமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். "கீழே நன்னா இருக்கு. மேல போறச்சே உடையறது, விஜி."

 அழுகிறாளோ என்று திரும்பப் போனேன். தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கமே தள்ளினாள்.

"ஆமாம், அங்கேதான் உடையறது" என்றாள். "இப்போ கேளுங்கோ." மறுபடி ஆரம்பித்தாள்.